எண்ணூற்று எண்பத்தைந்து வயது

1988 சாரல் காலம். ஊரே குற்றாலத்துக்குக் குளிக்கப் போய்க்கொண்டிருக்க, நான் மட்டும் தென்காசி நூற்பாலையின் கம்ப்யூட்டர் அறையில் புரோகிராம்களுக்குள் பெயர் மாற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் புரோகிராம்கள் எல்லாம் லைப்ரரி என்ற ஒரே பொதுக் கோப்பிலிருந்துதான் மாறிகளை, அதாவது ஒவ்வொரு விவரத்தையும் கணக்கிட்டுத் தரும் பெயர்களை, எடுத்துக்கொள்ளும். அது பழசாகிவிட்டது, பழைய மாறிகளைத் தூக்கிவிட்டுப் புதியவற்றைப் போடு என்று மேனேஜர் பஞ்சாபகேசன் சொல்லிவிட்டார். பிறந்த வருடத்துக்கும் ஒரு மாறி இருந்தது. பெயர்தானே என்று அதையும் மாற்றினேன்.

திங்கட்கிழமை காலை கேட்டில் ஒரே கூட்டம். செங்கோட்டைப் பக்கத்துப் பழைய ஆட்கள் ஒருவருக்கும் கேட் கார்டு அச்சாகவில்லை. ஐம்பத்தெட்டு தாண்டினால் ஓய்வு, கார்டு கிடையாது.

நூல் சுற்றும் குருவம்மாள் முன்னால் வந்தாள். படுத்த படுக்கையாய்க் கிடக்கும் கணவருக்கும் சேர்த்து இவள் சம்பளம்தான்.

"ஏட்டி விஜயம், எனக்கு எண்ணூத்தி எண்பத்தஞ்சு வயசுன்னு ஒன் மிஷின் சொல்லுதாமே. குற்றாலநாதருக்கே நான் அக்காவா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் கம்ப்யூட்டர் அறைக்கு ஓடினேன்.

செங்கோட்டை முன்பு திருவிதாங்கூரில் இருந்தது. அங்கே பிறந்தவர்கள் பிறந்த வருடத்தைக் கொல்லம் ஆண்டு என்ற மலையாளக் கணக்கில்தான் சொன்னார்கள். அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தோம். பழைய மாறி அதை ஆங்கில வருடமாக்கித் தந்துகொண்டிருந்தது. புதியதற்குக் கொல்லமும் தெரியாது, குருவம்மாளையும் தெரியாது.

கொல்லம் ஆண்டோடு 825 கூட்டினால் சரியாகிவிடும். மேனேஜர் பின்னால் நிற்க, அந்த வரியைச் சேர்த்து ஓட்டினேன். கார்டுகள் வரிசையாக வந்தன. குருவம்மாளுக்கு மட்டும் வரவில்லை. வயது அறுபது என்றது திரை.

சனிக்கிழமை வரை அவளுக்கு ஐம்பத்தைந்துதான். பழைய லைப்ரரியைத் திறந்து பார்த்தேன். அதை எழுதிய தில்லைநாயகம் 830 கூட்டியிருந்தார்; செங்கோட்டைக்காரர்கள் எல்லாருக்கும் ஐந்து வயது குறைந்திருந்தது. கை தவறியதோ, சொந்த ஊர்க்காரர்களுக்காகத் தெரிந்தே செய்ததோ, கேட்கலாமென்றால் ஆள் துபாயில்.

"கணக்கு சரிதானே?" என்றார் மேனேஜர்.

"சரிதான் சார்."

கேட்டுக்குப் போய் நானே சொன்னேன். எண்ணூற்று எண்பத்தைந்துக்குச் சிரித்தவள் அறுபதுக்குச் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சனிக்கிழமை வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு. அந்தப் பழசையே போட்டுரேன், தாயி."