ஊசி போட்டாச்சு

கடித்த நாய் மறுநாள் காலையில் அடுக்குமாடிக் குடியிருப்பின் பம்பு அறைக்குப் பின்னால் செத்துக் கிடந்தது. காவலாளி போனில் அதைச் சொன்னபோது லிஃப்ட் மெக்கானிக் கண்ணாடி முன்னால் நின்று, கன்னத்துக் கட்டின் மேல் படாமல் சவரம் செய்துகொண்டிருந்தான்.

"செத்தா செத்துட்டுப் போகட்டும். எனக்குத்தான் நேத்தே ஊசி போட்டாச்சே" என்றான்.

அக்கா அவன் கையிலிருந்த ரேசரைப் பிடுங்கி வைத்தாள். பள்ளி வேன் ஓட்டுகிறவள். முப்பது பிள்ளைகளை அடக்கிய தொண்டை. "அப்ப அது வெறிநாயாத்தான் இருக்கும். வாய மூடிக்கிட்டு வண்டியில ஏறுடா."

பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் இளம் டாக்டரம்மா கட்டைப் பிரித்தாள். கண்ணுக்குக் கீழே இரண்டு பல் தடம், ஆழமாக.

"காயத்துக்குள்ள மருந்து போட்டாங்களா?"

"தோள்ல போட்டாங்க."

"அது தடுப்பூசி. நான் கேக்கறது சீரம்."

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாய்க்கடிக்கு ஊசி என்றால் ஊசிதான். அதில் இரண்டு உண்டு என்று யாரும் சொல்லவில்லை.

டாக்டரம்மா அவசரமாகச் சொன்னாள்: "தோள்ல போட்டது உடம்புக்குப் பாடம் சொல்லிக் குடுக்கும். உடம்பு அதைக் கத்துக்கிட்டு எதிர்ப்புச் சக்திய உண்டாக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதுவரைக்கும் கிருமி கை கட்டிக்கிட்டு நிக்குமா? நரம்பப் புடிச்சு மூளைக்குப் போயிடும். முகத்துல கடிச்சா வழியும் கிட்ட. சீரம்ங்கறது வேற ஒருத்தர் உடம்பு ஏற்கெனவே செஞ்சு வெச்ச எதிர்ப்புச் சக்தி. இரவல். போட்ட உடனே வேலை செய்யும். நேத்தே போட்டிருக்கணும். இப்பவாவது வந்தீங்களே."

நர்ஸ் மருந்தெடுக்க ஓடினாள். அக்கா வராந்தாவுக்கு வந்து, நேற்று ஊசி போட்ட தெருமுனை கிளினிக் டாக்டருக்குப் போன் போட்டாள்.

"ஊசி போட்டாச்சேம்மா" என்றார் அவர்.

"எந்த ஊசி?"

"சீரம் நம்மகிட்ட ஸ்டாக் இல்ல."

"இல்லன்னு சொல்ல வாய் இல்லையா? அங்க போங்கன்னு கை காட்டியிருந்தா நேத்தே வந்திருப்போமே!"

"பயந்துடுவீங்கன்னுதான்..."

"பயப்படறது எங்க வேலை, டாக்டர். நீங்க உங்க வேலையப் பாத்திருக்கணும்." வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

உள்ளே மெக்கானிக்கைப் படுக்க வைத்து, கடிவாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி மருந்தை ஏற்றினார்கள். கன்னம் பலூன் போல் உப்பியது. அவன் அலறினான். அக்கா தலையை அசையவிடாமல் பிடித்துக்கொண்டாள். அவள் பல்லைக் கடிக்கும் சத்தம் நர்ஸுக்குக் கேட்டது.

முடிந்ததும் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுதான் உடனே வேலை செய்யுமே. அப்ப மிச்ச ஊசியெல்லாம் வேணாம்தானே?" என்றான்.

"இரவல் சேலைய நம்பி இடுப்புத் துணிய எறிஞ்சாளாம்! கொஞ்ச நாள்ல அது கரைஞ்சு போயிடும்டா. சொந்தமா வர்றதுதான் நிக்கும். ஒரு ஊசி தவறட்டும், நானே உன்னைக் கடிக்கிறேன்" என்றாள் அக்கா.

டாக்டரம்மா சிரித்துவிட்டாள். பொழைச்சுக்குவானா என்று அக்கா கேட்டதும் சிரிப்பு நின்றது. "நல்ல வாய்ப்பு இருக்கு" என்றாள்.

அப்போது போன் அடித்தது. கிளினிக் டாக்டர். மெக்கானிக் எடுத்து, வீங்கிய வாயோடு, "பரவால்ல டாக்டர், போட்டுட்டாங்க, விடுங்க" என்றான்.

அக்கா போனைப் பறித்தாள். "பரவால்லன்னு அவன் சொல்லுவான். நான் சொல்லமாட்டேன். நேத்து நாய்க்கடின்னு வேற யாரு வந்தாங்க?"

மறுமுனையில் நோட்டுப் பக்கங்கள் புரளும் சத்தம் கேட்டது.

"உங்களத்தான் கேக்கறேன்."

"ஒரு சின்னப் பொண்ணு. உங்க தம்பி வேலை பாத்த அதே பில்டிங். காதுல கடி."

"சீரம்?"

"அதுக்கும் தோள்ல மட்டும்தான்..."

"வீட்டு நம்பரச் சொல்லுங்க" என்றாள், சாவியைத் தேடியபடி. "வேன் வாசல்லதான் நிக்குது."