பங்குதாரர் கையெழுத்து

புருஷனுக்கு வெள்ளைச் சட்டையை மாட்டி, கடைசிப் பொத்தானை அவள் போட்டுக்கொண்டிருந்தபோது கொழுந்தன் கையில் கோப்போடு அறைக்குள் வந்தான். காலையில் பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மனுஷன், பிறகு எழுந்திருக்கவே இல்லை.

“அண்ணி, இத இன்னைக்கே கொடுத்தாகணும்.”

அண்ணனும் தம்பியும் சேர்ந்து பட்டறையைக் கம்பெனியாகப் பதிவு செய்யும் பத்திரங்கள். கம்பெனி என்றால்தான் ஆஸ்பத்திரிக் கட்டில் செய்யும் ஆர்டர் கிடைக்கும். ஆர்டர் கேட்க நாளையோடு கெடு முடிகிறது; அதற்குள் பதிவு முடிந்திருக்க வேண்டும். ஆர்டர் போனால் பட்டறைக்குப் பூட்டுதான். வாசலில் தலையைத் தொங்கப்போட்டு நின்ற வேலைக்காரர்களுக்கும் அது தெரியும்.

“நேத்துத் தேதி போட்டிருக்கு. அண்ணன் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. நீங்க போட்டுடுங்க.”

அவன் கேட்டதில் அதிசயம் இல்லை. மெஷின் அவருடைய வலக்கை விரல்களைத் தின்ற நாளிலிருந்து அவர் கையெழுத்தை அவள்தான் போட்டுவந்தாள். ‘கைநாட்டுன்னு எவனும் சொல்லிடக் கூடாது’ என்பார். பேங்கில் கேட்டால், வீட்டில் நிதானமாகப் போட்டால்தான் அழகாக வரும் என்று அளந்துவிடுவார்.

“அவர் இல்லாம அவர் பேர எப்படிப்பா போடுறது?”

“இருந்தப்பவும் நீங்கதானே போட்டீங்க.”

“இருந்தப்ப பக்கத்துல உக்காந்து குறை சொல்லிட்டிருப்பாருப்பா.”

கொழுந்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அண்ணனுக்காக அழக்கூட நேரம் கிடைக்காத பாவி. அவன்மேல் கோபம் வந்திருந்தாலாவது அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். வரவில்லை.

கூடவே வந்திருந்த ஆடிட்டர் ஆபீஸ் குமாஸ்தா தொண்டையைச் செருமினார்.

“பங்குதாரர் ரெண்டு பேர் வேணும், அவ்வளவுதாம்மா. அவருக்குப் பதிலா உங்க பேர எழுதிடலாம். உங்க கையெழுத்தையே போடுங்க. பொய் சொன்ன பாவமும் வேண்டாம்.”

அது அவளுக்குச் சரியென்று பட்டது. கம்பெனியில் அவள் பெயர் இருப்பது அவருக்கும் பிடித்திருக்கும்.

“எழுதுங்க” என்றாள்.

குமாஸ்தா வெற்றுப் படிவங்களில் அவள் பெயரை எழுதி நீட்டினார். கட்டில் விளிம்பில் அட்டையை வைத்து, யோசிக்காமல் கையெழுத்துப் போட்டாள். கொழுந்தன் தாளை வாங்கிப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான்.

“என்னப்பா?”

திருப்பிக் காட்டினான். அவள் பெயருக்கு மேலே புருஷனின் கையெழுத்து இருந்தது.

“பரவாயில்லம்மா, வேற தாள் இருக்கு. மெதுவா போடுங்க” என்றார் குமாஸ்தா.

புதுத் தாள் வந்தது. அவள் பேனாவை ஊன்றினாள். ஊன்றிய இடத்தில் மை கசிந்து பெரிதாகிக்கொண்டிருந்தது.