செவந்தியின் மூன்றாவது எச்சரிக்கை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகத் தொடங்கவில்லை. இணையவழிக் கல்வியின் தரமும் பயனும் பற்றி ஒரு பத்திரிகை என்னிடம் கட்டுரை கேட்டது. 'இருபத்தோராம் நூற்றாண்டில் கல்வியானது' என்று ஆரம்பித்தேன். (வாக்கியம் அங்கேயேதான் கிடக்கிறது. வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.) இரண்டாம் பத்தியில் எனக்கே தூக்கம் வந்துவிட்டது. அதனால் ஆலங்குடிப் பக்கத்து ஊர் ஒன்றில் செவந்தியை உண்டாக்கினேன்.

2

கண்களில் ஆயிரம் கனவுகளோடு செவந்தி...

அந்த வரியை அடித்துவிட்டேன். இரண்டு பிள்ளை பெற்றவளுக்குக் கனவு காண ஏது நேரம்? மழலையர் பள்ளி ஆசிரியர் பயிற்சியை எட்டு மாதம் செல்போனிலேயே படித்தாள். பாடம் நடத்துகிறவர் இழுத்து இழுத்துப் பேசுகிறார் என்று இரட்டை வேகத்தில் கேட்டுப் பழகி, இப்போது வீட்டில் யார் சாதாரணமாகப் பேசினாலும் அவளுக்குப் பொறுமை போய்விடுகிறது. ஆனால் நன்றாகவே படித்தாள். தேறினால் திங்கட்கிழமை ஆலங்குடியில் ஒரு பள்ளியில் வேலை. தவறினால் அடுத்த தேர்வு ஒரு வருடம் கழித்துத்தான், வேலையும் வேறு யாருக்கோ போய்விடும்.

3

தேர்வும் வீட்டிலேயே, இரவல் லேப்டாப்பில். கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். எழுந்தாலோ, இன்னொரு முகம் தெரிந்தாலோ எச்சரிக்கை. மூன்றாவது எச்சரிக்கையில் தேர்வு ரத்து.

கணவன் பாலாஜியை வாசலில் காவல் வைத்தேன். முதல் எச்சரிக்கை அவனால் வந்தது. யாரும் வரவில்லை என்று சொல்வதற்காக உள்ளே தலையை நீட்டினான். இரண்டாவது என் தவறு. முந்தைய வரைவில் அடுப்பில் பால் வைத்திருந்தேன், எடுக்க மறந்துவிட்டேன். அது பொங்கியது. அவள் எழுந்து ஓடினாள்.

4

இன்னும் நான்கு கேள்விகள். பாலாஜியின் தாய்மாமன் பெரியண்ணன், பேத்தியின் காதுகுத்துக்கு அழைக்கத் தாம்பூலத் தட்டோடு வாசலில் வந்து நிற்கிறார். இந்தக் குடும்பத்தில் தட்டைக் கணவனும் மனைவியும் சேர்ந்து நின்றுதான் வாங்க வேண்டும். ஒருவர் மட்டும் வாங்கினால் உறவு அத்தோடு சரி.

பரீட்சை நடக்கிறது என்று பாலாஜி கெஞ்சினான்.

"வீட்டுக்குள்ளதான மாப்ள நடக்குது? செத்த எந்திரிச்சு வரச் சொல்லு. வாங்கிட்டுப் போயி எழுதட்டும்."

(கட்டுரைக்கு நான் தேடிய மேற்கோள் இதுதான்.)

செவந்தி கண்ணைத் திருப்பாமல் என்னிடம் முணுமுணுத்தாள்: "அவுகள நாளைக்கு வர வச்சா ஒங்க கதை கெட்டா போகும்? எட்டு மாசம் படிச்சது நானுங்க."

எனக்கு வெட்கமாக இருந்தது.

5

முடிவு அ: எழுந்துபோய் வாங்குகிறாள். தேர்வு ரத்து. எழுதிப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை.

முடிவு ஆ: பெரியண்ணன் மனம் மாறி அவளை வாழ்த்திவிட்டு... இல்லை. அவரைப் படைத்தவன் நான். மாற மாட்டார்.

ஆகவே பெரியண்ணனைக் கதையிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் தட்டை யாராவது பிடிக்க வேண்டுமே. நீங்கள் பிடியுங்கள். பேத்தி இனி உங்கள் பேத்தி. அழைக்க இன்னும் பதினோரு வீடு பாக்கி, வெயிலும் ஏறுகிறது. ஒரு குரல் கொடுத்தால் செவந்தி எழுந்து வந்துவிடுவாள், மரியாதை தெரிந்த பெண்.

இதோ, பாலாஜி ஒரு சொம்பு தண்ணீரை உங்களிடம் நீட்டுகிறான். அவன் கண் உள்ளே, பாக்கியிருக்கும் அந்த நான்கு கேள்விகள் பக்கமே இருக்கிறது. வாங்கிக் குடியுங்கள்.

கொஞ்சம் மெதுவாகக் குடியுங்கள்.