மஞ்சள் அடித்த ஏழாம் குடைவு

ஞாயிற்றுக்கிழமை நடைக்கூட்டத்தில் மேப்புக்காரரைப்போல வாய் கூசாமல் புளுகுகிறவர் வேறு யாரும் கிடையாது. பச்சைக் கம்பத்தைத் தாண்டிச் சரிவுப் பக்கம் ஒருவர் காலை வைத்தால் போதும், "அங்க வேணாம், போன வாரம்தான் ரெண்டு பாம்பு பார்த்தேன்" என்பார். அடுத்த மாதம் பாம்பு குளவிக்கூடாகிவிடும். மழை வந்தால் முழங்கால் சேறு. ஒரு தடவை வெறிநாய்கூட வந்தது.

"உங்க பாம்புக்கு ஆறு வயசு ஆயிடுச்சு, இன்னும் குட்டி போடலையா?" என்று கேட்பார் ஓய்வுபெற்ற தபால்காரர். கூட்டமே சிரிக்கும். மேப்புக்காரரும் சேர்ந்து சிரிப்பார். சிரித்துக்கொண்டே எல்லோரையும் ஆடு ஓட்டுவதுபோல வேறு பாதைக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவார்.

காடு என்றால் காடுதான், பொய்யில்லை. ஆனால் தானாக முளைத்த காடு இல்லை என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். எல்லா மரத்துக்கும் ஒரே வயது, ஒரே உயரம். பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல வரிசையில் நிற்கும். அடியில் புல் சரியாக வராது, காலால் கிளறினால் கறுப்புத் தூள் தெரியும். அங்கங்கே தரையிலிருந்து ஒரு இரும்புக் குழாய் ஆளுயரத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும், உள்ளே தங்கியிருக்கும் வாயு வெளியேற. பறவைகள்கூட இன்னும் அந்த இடத்தை முழுசாக நம்பவில்லை. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்புவரை அது நிலக்கரிச் சுரங்கம். மூடி, மண் கொட்டி, மரம் நட்டு, இப்போது பூங்கா என்று பலகை வைத்திருக்கிறார்கள்.

அந்தச் சுரங்கத்தில் முப்பது வருடம் சர்வேயராக இருந்தவர் மேப்புக்காரர். பூமிக்கடியில் எந்தக் குடைவு எங்கே போகிறது, எவ்வளவு நீளம், எவ்வளவு ஆழம் என்று அளந்து வரைவது அவர் வேலை. கரியை வெட்டி எடுத்த பிறகு குடைவைக் காலியாக விடக் கூடாது. மேலே இருக்கும் தரை உட்கார்ந்துவிடும். தண்ணீரோடு மணலைக் கலந்து குழாய் வழியாக உள்ளே அனுப்பி, கூரை வரைக்கும் நிரப்ப வேண்டும். நிரப்பிய குடைவுக்கு மேப்பில் மஞ்சள் அடிப்பார்கள். அடித்து, கீழே கையெழுத்துப் போட வேண்டியவர் சர்வேயர்.

ஏழாம் குடைவில் பாதிகூட நிரம்பவில்லை. சுரங்கத்தை மூடப் பத்து நாள் இருக்கும்போது பம்பு படுத்துவிட்டது. மேனேஜர் அவரைக் கூப்பிட்டு, "மூடப்போற சுரங்கத்துல இனி எவன்யா இறங்கிப் பார்க்கப்போறான்? மேல முள்ளுதான் முளைக்கும். மஞ்சளை அடிச்சுட்டுப் போய்யா" என்றார். மேப்புக்காரர் அடித்தார். மொத்தம் கால் மணி நேர வேலை. கை நடுங்கியிருந்தாலாவது கொஞ்சம் புண்ணியம் உண்டு. நடுங்கவில்லை. கோடு தாண்டாமல் அழகாக அடித்தார். அந்த மேனேஜரும் போய்ச் சேர்ந்தாயிற்று.

முள் முளைக்கவில்லை, பூங்கா முளைத்தது. அதில் பாதைகளுக்குப் பொறுப்பாளராக அவருடைய ஒரே மகள் வேலைக்குச் சேர்ந்தாள். அப்பாவின் மேப்பைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டினாள். வருகிறவர்களிடமெல்லாம் "எங்கப்பா போட்டது" என்பாள். வீட்டில் இருப்பதே அவர்கள் இரண்டு பேர்தான். அவருக்கு அவள்தான் உலகம், அவளுக்கு அவர் சொன்னால் சரி. இந்த ஊமைச் சந்தோஷத்தைக் கெடுத்துக்கொள்ள அவருக்கு வாய் வரவில்லை.

ஆறு மாதத்துக்கு முன்னால் மகள் புதுப்பாதை ஒன்று போடப்போவதாகச் சொன்னாள். பச்சைக் கம்பத்துக்கு அப்பால், அதே சரிவில், படிக்கட்டும் பெஞ்சுகளுமாக.

"அங்க எதுக்கும்மா? ஒரே பாம்பு."

"பாம்பு எங்கதான்ப்பா இல்ல? உங்க மேப்புப்படி ஏழாம் குடைவு மொத்தமும் மஞ்சள். இருக்கறதுலயே கெட்டியான இடம் அதுதான். அதனாலதான் அதைப் பிடிச்சேன்."

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தார். நாளைக்கு என்பது ஆறு மாதமாக இழுத்துவிட்டது. இருபத்திரண்டு வருடம் நின்ற தரை இனியும் நிற்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். கோழைகளுக்குச் சமாதானம் மட்டும் எப்போதும் பஞ்சமில்லாமல் கிடைக்கும்.

சனிக்கிழமை திறப்பு. அந்த வாரம் திங்கட்கிழமை காலை தனியாகப் போய்ப் பார்த்தார். கடைசிப் படிக்கும் மண்ணுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விழுந்திருந்தது. கீழே இரண்டு மரங்கள், போன வாரம் நேராக நின்றவை, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்திருந்தன. திறப்பன்று இரண்டு பள்ளிக்கூடங்களிலிருந்து பிள்ளைகள் வருவதாக இருந்தது.

சாயங்காலம் மகள் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டார். பம்பு, மேனேஜர், மஞ்சள், ஒன்று விடாமல்.

அவள் கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். "பாம்பு போயி, குளவி போயி, இப்ப இதுவாப்பா?"

"சத்தியமாம்மா. அது வெறும் குழி."

"அப்ப மேப்பு?"

"பொய்."

அவள் சிரிப்பு நின்றது. ஆனால் நம்பிக்கை வந்து நிற்கவில்லை, பயம் வந்து நின்றது. போன மாதம் அவர் அடுப்பை அணைக்காமல் வெளியே போனது அவளுக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "புது மண்ணு, மழைக்குப் படியத்தான்ப்பா செய்யும். நீங்க போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள். காகிதத்தில் எழுதிய பொய்க்கு இருந்த மரியாதை அவர் வாயால் சொன்ன நிஜத்துக்கு இல்லை. குறை சொல்லவும் முடியாது, இரண்டுமே அவர் செய்ததுதான். அடுத்த நாளும் சொல்லிப் பார்த்தார். பூங்காவுக்கே போய் அவளுடைய மேலதிகாரியிடம் சொன்னார். அந்த மனிதர் டீ வாங்கிக் கொடுத்து, மகளைக் கூப்பிட்டு அவரோடு அனுப்பிவைத்தார்.

வியாழக்கிழமை மகள் அவரை மறதி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டர் சின்னப் பெண். எதிரே அவர், பக்கத்தில் மகள். "பெரியவரே, மூணு வார்த்தை சொல்றேன், ஞாபகம் வச்சுக்குங்க. அப்புறமா கேப்பேன். சாவி, வாழை, ரயில்."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ரயிலை மட்டும் மறந்தால் போதும். கடிகாரம் வரையச் சொன்னால் முள்ளைக் கொஞ்சம் மாற்றிப் போட்டால் போதும். பாவம், வயசாகிவிட்டது என்று முடிந்துவிடும். மகள் மாத்திரை எடுத்துக் கொடுப்பாள், தெருவில் கையைப் பிடித்துக் கூட்டிப்போவாள், மேப்பு சுவரில் அப்படியே தொங்கும். அவள் கண்ணில் அவர் நல்ல மனிதராகவே செத்துப்போகலாம். ஒரே ஒரு வார்த்தை.

மகளைப் பார்த்தார். அவள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவர் தப்பாகச் சொல்லிவிடுவாரோ என்று தவித்துக்கொண்டிருந்தாள்.

நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாள் டாக்டர். இரண்டு வரைக்கும் கழித்துக்கொண்டே வந்தார். அவளே போதும் போதும் என்றாள். கடிகாரம் வரைந்தார், காம்பஸ் வைத்துப் போட்டதுபோல இருந்தது. தேதி, கிழமை, எந்த மாடி என்று கேட்டதற்கெல்லாம் சொன்னார்.

"அந்த மூணு வார்த்தை?"

"சாவி. வாழை." மூச்சு விட்டுக்கொண்டார். "ரயில்."

அதே தாளைத் திருப்பி, கேட்காமலே ஏழாம் குடைவை வரைந்தார். நூற்றுப் பத்து மீட்டர் நீளம், பதினெட்டு மீட்டர் ஆழம், நாற்பதாவது மீட்டரில் மணல் நின்றுபோனது, பம்பு நின்ற தேதி. எல்லாவற்றையும் குறித்து மகள் பக்கம் தள்ளினார்.

டாக்டர் மகளைப் பார்த்துச் சிரித்தாள். "உங்கப்பாவுக்கு ஒண்ணுமே இல்ல. என்னைவிட நல்லா ஞாபகம் வச்சிருக்காரு. சந்தோஷமாக் கூட்டிட்டுப் போங்க."

மகள் நன்றி சொன்னாளா என்பதுகூட அவருக்குக் கேட்கவில்லை. வெளியே வராந்தாவில் நின்று ஆபீசுக்கு போன் செய்தாள். "புதுப்பாதையை உடனே மூடுங்க. யாரும் உள்ள போகக் கூடாது, நம்ம ஆளுங்களும்தான். ஆமா, திறப்பு கிடையாது. காரணம் நான் எழுத்துல தர்றேன்." குரல் கறாராக இருந்தது. போனை வைத்துவிட்டு வந்து, அவர் பக்கத்தில் உட்காராமல் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள்.

அவருக்கு மனசு லேசாகத்தான் இருந்தது. பிள்ளைகள் தப்பித்தார்கள். திட்டுவாள், திட்டட்டும். நாலு நாள் பேசமாட்டாள், அதையும் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

"உங்களுக்கு மறதின்னு டாக்டர் சொல்லியிருந்தா நான் எப்படியாவது தாங்கியிருப்பேன்ப்பா" என்றாள் அவள், எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே.

"தப்புதாம்மா. அந்த மேனேஜர்..."

"மேனேஜரை விடுங்க. அது நடந்தப்ப நான் ஸ்கூல்ல படிச்சிட்டிருந்தேன். நான் அதைக் கேக்கல." அவள் இப்போது அவரைத் திரும்பிப் பார்த்தாள். "ஆறு மாசமா அந்தச் சரிவுலதான் நின்னு வேலை பார்த்தேன். மரம் வெட்டினேன், கல்லு இறக்கினேன், மத்தியானம் அங்கயே உக்காந்து சாப்பிட்டேன். தினமும் காலைல நீங்கதானே டிபன் பாக்ஸைக் கட்டிக் கையில குடுத்து அனுப்புனீங்க? கீழ ஒண்ணுமே இல்லன்னு தெரிஞ்சும்?"



பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவள் எழுந்தாள். ஆஸ்பத்திரிப் படி கொஞ்சம் செங்குத்து. வரும்போது அவர் முழங்கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டு வந்தவள், இப்போது தனியாக இறங்கிக் கீழே போய், தெருவைப் பார்த்தபடி நின்றாள். அவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்க ஆரம்பித்தார்.