ஆவுடையப்பர் இருமல்

சாலைக்குறிச்சியில் அந்தக் காலத்தில் பண்ணையார் ஒருவர் இறந்துபோனால், அவருடைய இருமல் பிள்ளைகளில் யாருக்கு இறங்குகிறதோ அவருக்குத்தான் நிலம். மூத்தவர், இளையவர் என்பதெல்லாம் பந்தியில் இலை போடுவதற்கு மட்டும். இருமல் இறங்கப் பதினாறு நாள் ஆகும். பதினேழாம் நாள் காலையில் பிள்ளைகள் குளத்து மடையில் நின்று ஆளுக்கொரு தடவை இருமுவார்கள். எந்த இருமலைக் கேட்டுத் தண்ணீர் வயலுக்குள் திரும்புகிறதோ அந்தப் பிள்ளை பண்ணையார். தண்ணீர் அதுவரை யாரிடமும் ஏமாந்ததில்லை.

ஆவுடையப்பர் பண்ணையின் இருமல் சுற்றுவட்டாரத்தில் பேர் போனது. முதலில் ஒரு இழுப்பு, அடுத்து இரண்டு தட்டு, கடைசியில் மெல்லிசாக ஒரு சீழ்க்கை. அவருடைய மூத்த மகன் மாசிலாமணி அதை முப்பது வருஷமாக மாட்டுத்தொழுவத்தில் நின்று பழகிக்கொண்டிருந்தார். இழுப்பு வந்தது. தட்டும் வந்தது. சீழ்க்கை மட்டும் வரவில்லை. உழவு, நடவு, அறுப்பு எல்லாம் அவர் பார்த்துத்தான் நடந்தது. இருந்தும், "அப்படியே அப்பா மாதிரி" என்று ஒருத்தர் வாயும் அவரைப் பார்த்துச் சொன்னதில்லை. தம்பி குற்றாலம் சேவல்கட்டுக்குப் போனால் மூன்று நாள் கழித்துத்தான் வீடு திரும்புவான். வாசலில் நின்று அவன் செருமினால் போதும், "எய்யா, பண்ணையார்தான் வந்துட்டாகளோன்னு நெனச்சேன்" என்று வேலையாட்கள் எழுந்து நிற்பார்கள். அன்றைக்கு மாசிலாமணிக்குச் சோறு இறங்காது.

ஆவுடையப்பர் ஆவணியில் இறந்தார். முதல் நாள் இருமல் நெற்குதிருக்குள் கேட்டது. நாலாம் நாள் பரணில், பித்தளை அண்டாவுக்குள். ஒன்பதாம் நாள் கிணற்றில். பதினாறு நாளும் மாசிலாமணி வாயைத் திறந்தபடியே இருந்தார். ஈ புகுந்துவிடாமல் அவர் மனைவி உலகம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாள். பதினாறாம் நாள் பந்தியில் குற்றாலம் மூன்றாவது வடையை வாயில் போட்டான். புரையேறியது. ஒரு இழுப்பு, இரண்டு தட்டு, ஒரு சீழ்க்கை.

"இறங்கிட்டு" என்றார் மடையைத் திறந்து அடைக்கும் நீர்பாய்ச்சி பலவேசம், சோற்றைப் பிசைந்தபடியே.

உலகம்மாள் விசிறியைக் கீழே வைத்தாள்.

"வடையைத் திங்க வந்தவருக்கு வயக்காடு. வாயைப் பொளந்துக்கிட்டு இருந்தவருக்கு நான்."

மறுநாள் மடையில் மாசிலாமணி முதலில் இருமினார். தண்ணீர் கொஞ்சம் நின்று கேட்டுவிட்டுத் தன் போக்கில் போனது. குற்றாலம் இருமினான். தண்ணீர் திரும்பியது.

அதற்குப் பிறகு மாசிலாமணிக்கு ஒரே வேலைதான். விடிந்ததும் வரப்பில் போய் நின்று தம்பியின் பயிரைப் பார்ப்பார். அவர் பார்த்த பக்கத்தில் பயிர் ஒரு விரற்கடை குட்டையாயிற்று. குற்றாலம் கோபப்படவில்லை. ஒரு மண்பானையில் சுண்ணாம்பால் கண்ணும் மீசையும் வரைந்து, கம்பில் கவிழ்த்து, வயல் நடுவே நட்டுவைத்தான்.

"உங்களுக்காகத்தான் அண்ணே. முகம் உங்க பக்கமா இருக்கட்டும்னு திருப்பி வச்சேன்" என்றான்.

"மீசை நல்லா வந்திருக்கு" என்றார் மாசிலாமணி. அதுவும் அவருக்குப் பொறுக்கவில்லை. அவர் மீசை அவ்வளவு அடர்த்தி கிடையாது.

ஒரு தொண்டையில் இருமல் குடியிருக்க முடியாமல் போனால், பக்கத்தில் எந்த வாய் திறந்திருக்கிறதோ அதில் இறங்கிவிடும். இது சாலைக்குறிச்சியில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். மாசிலாமணி தூதுவளையும் கண்டங்கத்திரியும் பறித்து வந்தார். சுக்கு, திப்பிலி தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்தார். பனங்கற்கண்டு சேர்த்து, செம்பில் ஊற்றி, தினமும் காலையில் தம்பிக்குக் கொண்டுபோனார்.

"அண்ணனுக்கு எம்மேல என்ன பிரியம்!"

"குடி, குடி. நெஞ்சுல ஒண்ணும் தங்கிறக் கூடாது."

பத்து நாளில் இழுப்பு தளர்ந்தது. இருபதாம் நாள் தட்டு இரண்டும் தொண்டை வாசலுக்கு வந்துவிட்டன. நாற்பதாம் நாள், வயல் நடுவே பானைக்குப் பக்கத்தில் குற்றாலம் நிற்கும்போது, இருமல் மொத்தமும் அவன் நாக்கு நுனியில் வந்து நின்றது. மாசிலாமணி அவன் முகத்துக்கு நேரே போய் வாயை அகலத் திறந்துகொண்டார்.

குற்றாலம் கடைசி மடக்கைக் குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பிக் கொடுத்தான்.

"கதிரைப் பாருங்க அண்ணே. அப்பா காலத்துலகூட இப்படித் தலை சாயல."

மாசிலாமணி பார்த்தார். பொன்னாகக் கிடந்தது. பல்லைக் கடித்தார்.

கண் இமைக்கும் நேரம்தான் கடித்தார். ஆனால் பானையோ, நட்ட நாளிலிருந்து தன் வாயை மூடியதே இல்லை. அதற்குள்ளிருந்து ஒரு இழுப்பு, இரண்டு தட்டு, ஒரு சீழ்க்கை கேட்டது. வாய்க்கால் தண்ணீர் பானையைச் சுற்றி வந்து நின்றது.

ஊர் கூடியது. பலவேசம் பானையை மடைக்குத் தூக்கிப் போய் இன்னொரு தடவை இருமவைத்துக் கேட்டுவிட்டு, சரிதான் என்றார். ஊர்க்கணக்கர் ஆவுடையப்பருக்குப் பிள்ளைகள் மூன்று என்று ஓலையில் திருத்தினார். குற்றாலம் நிம்மதியாகச் சேவல்கட்டுக்குப் போனான். பானையை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஆவுடையப்பர் உட்காரும் பலகையில் வைத்தார்கள். உலகம்மாள் முதல் சோற்றை அதற்குத்தான் போட்டாள்.

"கடைசிக் கொழுந்தனாரு எம்புட்டு அமைதியாச் சாப்பிடுதாரு! உப்பு இல்ல, புளி இல்லன்னு ஒரு சொல்லு உண்டா?" என்றாள் கணவரைப் பார்த்து.

மாசிலாமணி அன்றும் சாப்பிடவில்லை.

தை பிறந்ததும் பானைக்குப் பெண் பார்க்கப் போனார்கள். மாசிலாமணிதான் வெற்றிலைத் தட்டோடு முன்னால் நடந்தார். மூத்தவர் அல்லவா. பெண் ஒரு செப்புத் தவலை. கழுத்து கொஞ்சம் குட்டை, ஆனால் நல்ல சிவப்பு, பெரிய இடம். மாசிலாமணி உலகம்மாளைப் பார்க்கப் போன அன்று அவருக்கு நீர்மோர்தான் கொடுத்தார்கள். பானைக்கு முன்னால் அதிரசமும் முந்திரிக்கொத்தும் அடுக்கியிருந்தார்கள்.

பெண்ணின் தகப்பனார் ஆவுடையப்பரோடு நெடுநாள் பழகியவர். பானையைச் சுற்றிவந்து பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்படியே அப்பா மாதிரி" என்றார்.

மாசிலாமணி தட்டைப் பொத்தென்று கீழே வைத்தார். கொட்டைப்பாக்கு ஒன்று உருண்டு பானையின் அடியில் போய் நின்றது.

"மூத்தவுக ஒரு வார்த்தை சொல்லணும். உங்களுக்குச் சம்மதந்தானே?" என்றார் பெண்ணின் தகப்பனார்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அத்தனை பேர் ஒன்றாகத் தன்னைப் பார்ப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. சம்மதமில்லை என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார்.

அவர் சொல்வதற்குள் பானை இருமியது. உள்ளறையிலிருந்து தவலை தும்மியது. பெண்கள் குலவை போட்டார்கள்.