சனிக்கிழமை வண்டி

கொட்டகையில் நின்ற கொம்பி வேனைப் பார்த்ததும் குணாளன் உடனே உள்ளே போகவில்லை. கேட்டுக்கு வெளியிலேயே கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். கீழே பச்சை, மேலே வெள்ளை. எழுபத்து நான்காம் வருடத்து வண்டி. மடக்குக் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளே இருப்பதாக விளம்பரத்தில் போட்டிருந்தார்கள்.

குணாளனுக்கு நாற்பத்தேழு வயது. ஸ்கூடாயில் ஓர் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தான். மனைவி பிரிந்து ஆறு வருடமாகிறது. மகள் ஷர்மினி தாயோடு பினாங்கில். விடிவதற்கு முன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்குப் போவான். தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்த்துவிட்டுத் திரும்புவான். லீவு நாளில்தான் கஷ்டம். ஒரு வேன் இருந்தால் எங்கேயாவது போகலாம் என்று தோன்றியது. எங்கே என்று யோசிக்கவில்லை.

"வாங்க தம்பி, வண்டி பாக்க வந்தவரா?" என்று வெளியே வந்தார் தஸ்லிமா. அறுபதைத் தாண்டியிருப்பார். விளம்பரம் போட்டது அவர் கொழுந்தனார். வேன் அவர் கணவர் அப்துல் ஹலீமுடையது. கூலாயில் முப்பது வருடம் சாப்பாட்டுக் கடை நடத்தி, அதைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, ஓய்வுக்கென்று வாங்கிய வண்டி. அவர் மௌத்தாகிப் பத்து மாதம்.

"எனக்கு இதைப் பத்தி ஒண்ணும் தெரியாது. நீங்களே பாத்துக்குங்க" என்று வண்டியின் பதிவுப் பத்திரமான கிரானை நீட்டினார்.

குணாளன் பின்மூடியைத் திறந்தான். இன்ஜினுக்கு வலப்பக்கத் தகட்டில் அடிச்சட்ட எண் பொறித்திருக்கும். துணியால் அழுக்கைத் துடைத்து, டார்ச் அடித்து ஒவ்வோர் எழுத்தாகக் கிரானோடு ஒப்பிட்டான். பொருந்தியது. வெட்டி ஒட்டிய தடமில்லை. முதல் இரண்டு எண்கள் இருபத்து மூன்று, அது ஜன்னல் வைத்த வகைக்கு உரியது; அடுத்த எண் நான்கு, எழுபத்து நான்கைக் குறிப்பது. சரக்கு வேனுக்கு ஜன்னல் வெட்டி கேம்பர் என்று விற்கும் ஆட்கள் உண்டு. இது ஜன்னலோடு பிறந்த வண்டிதான், வருடமும் சரி.

பிறகு துணி சுற்றிய காந்தத்தைக் கதவடியிலும் சக்கர வளைவுகளிலும் வைத்துப் பார்த்தான். துருவை மறைத்துப் பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது. இங்கே எல்லா இடத்திலும் ஒட்டியது. அட்டையை விரித்து அடியில் படுத்துப் பார்த்தான். செம்மண்தான் அப்பியிருந்தது. துரு இல்லை.

எழுந்தபோது அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. "அக்கா, அருமையா வெச்சிருக்காரு. கடல் பக்கமே போகாத வண்டி. போயிருந்தா உப்பு அடியைத் தின்னிருக்கும்."

தஸ்லிமா சிரித்தார். "அது எப்படி? சனிக்கிழமைன்னா மெர்சிங் கடற்கரைதான் அவங்களுக்கு. சுபுஹு தொழுதுட்டுக் கிளம்பினா மஃரிபுக்குத்தான் வருவாங்க. அஞ்சு வருஷம், ஒரு வாரம் விட்டதில்ல. எனக்கு வளைவு ரோடு ஒத்துக்காது, வாந்தி வரும். அதனால நான் போறதில்ல. கருவாடு வாங்கிட்டு வருவாங்க."

"நல்லாக் கழுவியிருப்பாரு" என்றான் குணாளன்.

ஓட்டுநர் கதவைத் திறந்தபோது, வாங்கிய புதிதில் எண்ணெய் மாற்றிய தேதியும் தூரமும் எழுதிய ஸ்டிக்கர் கண்ணில் பட்டது. மீட்டரைப் பார்த்தான். ஐந்து வருடத்தில் நாலாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை. மெர்சிங்குக்குப் போய் வரவே இருநூறுக்கு மேல் ஆகும். அவன் கதவை மெல்லச் சாத்தினான்.

"என்னா தம்பி?"

"ஒண்ணுமில்லக்கா. மீட்டர் ரிப்பேர் போல."

தஸ்லிமா அவன் முகத்தையே பார்த்தார். "ஓட்டிப் பாக்கணும்ல? நானும் வரேன். இதுல நான் ஏறினதே இல்ல."

இன்ஜின் மூன்றாவது முயற்சியில் பிடித்தது. வீடுகள் நிறைந்த தாமானைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்துச் சாலையில் திருப்பினான். தஸ்லிமா சாலையைப் பார்க்கவில்லை. மீட்டரைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். கடைசி எண் புரண்டது. இன்னொன்றும் புரண்டது.

"ஓடுதே" என்றார். குணாளன் அடுத்த கியரைப் போட்டான்.

ஆறாவது கிலோமீட்டரில், தோட்ட முனையில் ஒரு தகரக் கடை. இளநீர் வெட்டிக்கொண்டிருந்த பெண் வேனைப் பார்த்ததும் கையை ஆட்டிக்கொண்டு சாலைக்கே வந்துவிட்டாள். அவன் நிறுத்த வேண்டியதாயிற்று.

"பாய் எங்க? ஆளையே காணோம்? சௌக்கியந்தானே?"

"மௌத்தாகிட்டாங்க. நான் அவங்க வீட்டுக்காரி" என்றார் தஸ்லிமா.

அந்தப் பெண் ராஜம்மா. கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அய்யோ, யாருமே சொல்லலையே" என்றாள். பிறகு அவளே சொன்னாள். சனிக்கிழமை காலையில் வருவார். கடைக்குப் பின்னால் அந்தப் பாசாக் கரையில், ஓடை ஓரமாக நிறுத்துவார். பேப்பர் படிப்பார், தூங்குவார், ஒரு இளநீர் குடிப்பார். சாயங்காலம் இங்கேயே ஒரு பொட்டலம் கருவாடு வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

"யார்கூட?"

"யாருமில்ல. பேசவும் மாட்டாரு. ஒருதடவை நான்தான் கேட்டேன், ஏன் பாய் இங்க வந்து உக்காந்திருக்கீங்கன்னு. கடைச் சத்தம் இன்னும் காதுலேயே இருக்கு, அது போகட்டும்னு பாக்குறேன்னாரு."

தஸ்லிமா இறங்கி அந்தக் கரைக்கு நடந்தார். புல்லில் சக்கரம் பதிந்த இரண்டு கோடுகள் இன்னும் மங்கலாகத் தெரிந்தன. பக்கத்தில் ஓடையில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. குணாளன் சற்றுத் தள்ளியே நின்றான்.

"எங்க வீட்டுலயும் சத்தம் கிடையாது தம்பி" என்றார் அவர். "பிள்ளைங்க ரெண்டு பேரும் சிங்கப்பூர்ல. நாங்க ரெண்டு பேர்தான். நான்கூட அதிகம் பேச மாட்டேன்."

திரும்பும்போது பாதி வழிவரை தஸ்லிமா மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு அவர், "யாராவது ஒருத்தி இருந்திருந்தா, மையத்தாப் போனவர்னும் பாக்காம சண்டை போட்டிருப்பேன். இதுக்கு யார்கிட்ட போய்ச் சண்டை போட?" என்றார்.

வீடு வந்ததும் அவர் இறங்கவில்லை. "உள்ள நல்லாப் பாருங்க. கட்டிலுக்கு அடியிலயும் பாருங்க."

குணாளன் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்தான். ஒரு தலையணை, பழைய பேப்பர்கள், மூக்குக் கண்ணாடி, ஒரே ஒரு கோப்பை. அடுப்பை ஒருதடவைகூடப் பற்றவைக்கவில்லை. விற்ற கடையில் அதன்மேல் ஒட்டிய விலைத்தாள் அப்படியே இருந்தது. இருக்கையின் ஜன்னலோர மூலை மட்டும் தேய்ந்து குழிந்திருந்தது.

"வேற ஒண்ணுமில்லையா?"

"இல்லக்கா."

தஸ்லிமா மூக்குக் கண்ணாடியை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நீங்க யாரோட போகப் போறீங்க?"

"தனியாத்தான்."

அவர் தலையாட்டினார். "கொழுந்தன்கிட்ட சொல்றேன். புதன்கிழமை கிரான்ல பேர் மாத்திக்கலாம். எடுத்துட்டுப் போயிடுங்க. இங்க நின்னா நான் தினம் பாத்துக்கிட்டிருக்கணும்."

அவன் மோட்டார் சைக்கிளில் ஏறியபோது கேட்டருகே வந்து, தன் நம்பரைக் கொடுத்து, "வீட்டுக்குப் போனதும் ஒரு போன் போடுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து, குளித்து, சோறு வைத்த பிறகுதான் குணாளனுக்கு ஞாபகம் வந்தது. போன் போட்டான். தஸ்லிமா முதல் மணியிலேயே எடுத்தார்.

"வந்து சேந்துட்டேன்கா."

"சரி தம்பி. அங்க மழையா?"

"இல்லக்கா."

"இங்கயும் இல்ல."

 போனை யாரும் உடனே வைக்கவில்லை.