மலைக்கு முதுகைத் திருப்பியவர்கள்

1978ஆம் வருடம் கார்த்திகை தீபத்தன்று, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு எங்கள் பந்தல் நோட்டில் ஒரு பெயர் பதிவானது. வெள்ளையம்மாள், வயது இருபத்தெட்டு, போளூர் பக்கத்துக் கிராமம், பச்சைப் புடவை. எழுதியவன் நான். கூட்டத்தில் அவளைத் தவறவிட்டுவிட்டு வந்து எழுதச் சொன்னவள் அவளுடைய அக்கா சந்திரம்மாள்.

பந்தல் என்பது தேரடி வீதி ஓரத்தில் நான்கு மூங்கிலும் ஒரு கீற்றுக் கூரையும்தான். தீபக் கூட்டத்தில் தொலைந்து போகிறவர்களை உரியவர்களிடம் சேர்ப்பதற்காக, வீதிக்காரர்கள் பதினோரு பேர் சேர்ந்து தொண்டர் குழு ஒன்று வைத்திருந்தோம். அது நான்காவது வருடம். தலைவர், செயலாளர் எல்லாம் ராமதாஸ் அண்ணன்தான். மைக்செட் கடை அவருடையது. குழாய் ஸ்பீக்கர் இரண்டும் மைக்கும் அவர் கொண்டுவந்தவை. மைக்கை வேறு யார் கையிலும் கொடுத்ததில்லை.

குழுவுக்கு அவர் வைத்த விதி ஒன்றே ஒன்று. பந்தலை விட்டு யாரும் நகரக் கூடாது. குரல் போய்த் தேடும், ஆள் தானாக வந்து சேரும். மூன்று வருடமும் அப்படித்தான் வந்து சேர்ந்தார்கள். அதனால் அந்த விதியை எதிர்த்து யாரும் பேசியதில்லை. பெயர் எழுதுவது நான். தண்ணீர் கொடுப்பது பூக்கடைத் தங்கம்மாள். வாசலில் நெரிசலைத் தடுத்து நிற்பது ஜட்கா வண்டி ஓட்டும் இருசப்பன். மற்றவர்கள் அண்ணன் சொன்னால் செய்வார்கள், சொல்லாவிட்டால் உட்கார்ந்திருப்பார்கள்.

வெள்ளையம்மாள் எங்கிருந்தாலும் தேரடி வீதிப் பந்தலுக்கு வரவும் என்று அண்ணன் ஒன்பது முறை கூப்பிட்டார். ஒவ்வொரு முறைக்கும் நோட்டில் ஒரு கோடு போட்டேன். ஒன்பதாவது கோடு போட்டபோது மணி நாலே கால்.

அப்போதுதான் தங்கம்மாள் சந்திரம்மாளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தாள்.

"உன் தங்கச்சி தனியா மாட்டிக்கினா இன்னா பண்ணுவாம்மா? யாரையாவது வழி கேப்பாளா?"

"எப்பிடிங்க கேப்பா? அவளுக்குப் பொறந்ததுல இருந்து காதும் கேக்காது, பேச்சும் வராது."

நான் நோட்டைப் பார்த்தேன். பெயர், வயது, ஊர், உடை, நேரம். ஐந்து கட்டத்தையும் ஒழுங்காக நிரப்பியிருந்தேன். ஏனம்மா முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், அதைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று தோன்றவில்லை, மைக்கில் சொல்வது அவளைப் பார்த்தவர்கள் கூட்டிவருவதற்கு என்று நினைத்தேன், நீங்களும் கேட்கவில்லையே என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் காது கேளாத ஒருத்தியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஆறு மணிக்கு மலைமேல் தீபம் ஏற்றுவார்கள். ஏற்றியதும் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் பஸ்ஸுக்குத் திரும்பும். அந்த வெள்ளத்தில் அவள் எந்த ஊர் பஸ்ஸில் ஏற்றப்பட்டாலும், எங்கே இறக்கிவிடப்பட்டாலும், தன் பெயரையோ ஊரையோ சொல்ல அவளால் முடியாது. சந்திரம்மாள் முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாரும் அண்ணன் முகத்தைப் பார்த்தோம். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மைக்கை அணைத்து மேஜைமேல் வைத்தார்.

"எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான். இது இப்ப உதவாது. யாருக்கு இன்னா தெரியுமோ சொல்லுங்க, நான் கேட்டு நடக்கறேன்."

எங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. இருசப்பன்தான் முதலில் ஆரம்பித்தான். இருபது வருடமாக இந்த வீதியில் வண்டி ஓட்டுகிறவன். ஐந்து மணிக்கு மேல் கூட்டம் நடக்காது, நிற்கும், நிற்கிற இடம் எதெது என்று தனக்குத் தெரியும் என்றான். பாத்திரக்கடை முனையில் இரண்டு பேர், தண்ணீர்த்தொட்டி அருகில் இரண்டு பேர் என்று எல்லாரையும் பிரித்தான். அண்ணனுக்குத் தேர் நிற்கும் இடத்தைக் கொடுத்தான். அண்ணன் சரி என்றார்.

அடுத்ததைத் தங்கம்மாள் எடுத்துக்கொண்டாள். தொலைந்தால் அவள் அழுவாளா, ஓடுவாளா என்று சந்திரம்மாளிடம் துருவித் துருவிக் கேட்டாள். இரண்டும் செய்யமாட்டாள், ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நடப்பாள், பின்னாலிருந்து தொட்டால் மட்டும் மிரண்டுவிடுவாள் என்று பதில் வந்தது. அக்காவைக் குறிக்க வீட்டில் ஒரு சைகை இருந்தது. சந்திரம்மாளுக்கு இரண்டு பக்கமும் மூக்குத்தி. இரண்டு விரலால் மூக்கின் இரு பக்கமும் தொட்டால் அக்கா என்று அர்த்தம். மீசை வைத்த எட்டு ஆண்கள் வரிசையாக நின்று மூக்கைத் தொட்டுப் பழகினோம். சந்திரம்மாளுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு தங்கம்மாள் சொன்னாள்:

"தீபம் ஏத்தற நேரம் ஊரே மலையப் பாக்கும். அவ பாக்கமாட்டா. அவ ஆளுங்க மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருப்பா. நாம மலைக்கு முதுகக் காட்டி நின்னோம்னா, மேல பாக்காத மூஞ்சி ஒண்ணு தெரியும்."

யோசனை சரிதான். ஆனால் நாங்கள் எல்லாரும் காலையிலிருந்து பட்டினி. தீபம் பார்த்த பிறகுதான் சாப்பாடு. அண்ணன் பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை. ஏற்றுகிற நொடியில் திரும்பி நிற்பதா என்று நான் இழுத்தேன்.

"வருசம் பூரா இந்த மலையத்தான் பாத்துக்கினு இருக்கோம், சக்கரவர்த்தி," என்றான் இருசப்பன். "ஒரு நாள் முதுகக் காட்டினா சாமி கோவிச்சுக்குமா?"

அண்ணன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தனக்குக் கொடுத்த இடத்துக்கு முதல் ஆளாக நடந்தார். எதிர்பார்க்கவே இல்லை.

இருசப்பன் குதிரையை அவிழ்த்துக் கட்டிவிட்டு, வண்டியைக் கோயில் மதில் ஓரமாக நிறுத்தி முட்டுக் கொடுத்தான். முகங்களைத் தேடுகிறவளுக்கு ஒரு முகம் உயரத்தில் தெரியட்டும் என்பது அவன் கணக்கு. அதன்மேல் சந்திரம்மாளை ஏற்றினோம். அவள் விழாமல் பிடித்துக்கொள்வது என் வேலை. எங்கள் இருவருக்கும் பின்னால் மலை, முன்னால் கடல்போல ஜனம்.

ஆறு மணிக்கு வேட்டுச் சத்தம் கேட்டது. ஒரே நேரத்தில் அத்தனை முகமும் நிமிர்ந்தன, அத்தனை கையும் உயர்ந்தன. அரோகரா என்ற சத்தம் மதிலில் மோதித் திரும்பியது. என் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் பார்த்தேன். நிமிர்ந்த தாடைகள், நிமிர்ந்த தாடைகள், எங்கும் அதேதான். இந்த யோசனையும் வீண் என்று நினைத்தேன்.

வண்டி ஆடியது. சந்திரம்மாள் குதிக்கப் பார்த்தாள். அவள் கை நீட்டிய திசையில், தேருக்கு அருகே, ராமதாஸ் அண்ணன் எங்கள் பக்கம் முதுகும் ஒரு கன்னமும் தெரிய நின்றுகொண்டிருந்தார். ஊருக்கே கேட்கும் குரலை வைத்திருப்பவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு விரலை மூக்கின் இரு பக்கமும் வைத்து, மெல்லத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரே நாலு முழ தூரத்தில் பச்சைப் புடவை. முகம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கையை நகர்த்தி எங்கள் வண்டியைக் காட்டினார். அவள் பார்த்தாள். அவ்வளவுதான்.

அக்காவும் தங்கையும் எப்படி அந்த நெரிசலைப் பிளந்துகொண்டு சேர்ந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் இறங்கிப் போனபோது ஒருத்தி தோளில் ஒருத்தி முகத்தைப் புதைத்திருந்தாள். தங்கம்மாள் ஓடி வந்தாள், மூச்சு வாங்க இருசப்பனும் வந்தான். அண்ணன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். வியர்வை ஜாஸ்தி என்றார்.

வெள்ளையம்மாள் அக்காவின் தோளிலிருந்து தலையைத் தூக்கினாள். அப்போதுதான் முதன்முதலாக மேலே பார்த்தாள். கண் அகன்றது. எங்களைப் பார்த்தாள். நாங்கள் நாலு பேரும் இன்னும் மலைக்கு முதுகைக் காட்டியபடிதான் நின்றிருந்தோம். தேடுவது முடிந்துவிட்டது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

அவள் வந்து அண்ணனின் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டாள். அடுத்துத் தங்கம்மாளை, இருசப்பனை, கடைசியாக என்னை. பிறகு மலையுச்சியை நோக்கிக் கையை நீட்டினாள்.

எரிந்துகொண்டிருந்தது.